மூன்று இருபது, பழைய டைம்

ரகு,

ஆசீர்வாதம் என்று ஆரம்பிக்கவேண்டிய கடிதம் இது. கை வரவில்லை. கடைசிவரை படித்துவிட்டு, அதற்கப்புறமும் என் ஆசீர்வாதம் வேண்டுமென்று உனக்குத் தோன்றினால் எடுத்துக்கொள். இல்லாவிட்டால் வேண்டாம்.

உன் கார்டு வந்து பதினேழு நாள் ஆகிறது. அதில் நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். அம்மாவுக்கு இந்த வருஷ சிராத்தம் டில்லியிலேயே செய்யப்போவதாகவும், அங்கே கிடைத்த வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒரு சந்தேகம் கிளப்பினார் என்றும் எழுதியிருந்தாய். அவள் போன அன்றைக்குப் பழைய டைம்படி இரண்டே முக்கால் மணி வரை நவமி, அதற்குமேல் தசமி. 'மூன்று இருபதுக்குப் போய்விட்டாள் என்று அப்பா சொன்னார். அது யுத்தத்துக்காக ஒரு மணி முன்னால் தள்ளிவைத்த புது டைமா, பழைய டைமா? புது டைம் என்றால் நிஜத்தில் இரண்டு இருபதுதான், அப்போது நவமி. இரண்டு வருஷமாகத் தப்பான திதியில் செய்துகொண்டிருக்கிறோமோ என்று பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கார்டை எடுத்து, 'பழைய டைம். தசமிதான். கவலை வேண்டாம்' என்று எழுதினேன். விலாசம்கூட எழுதிவிட்டேன். தபால்பெட்டிவரை போனேன். போடாமல் திரும்பிவந்து கிழித்துப் போட்டேன். அந்தக் கார்டில் இருந்த வார்த்தை ஒன்றும் பொய் இல்லை, பார். மூன்று இருபது பழைய டைம்தான். ஆனால் அது உன் அம்மா போன நேரம் இல்லை. உன் அம்மா எப்போது போனாள் என்பது எனக்குத் தெரியாது ரகு. நான் பக்கத்தில் இல்லை. யாருமே பக்கத்தில் இல்லை.

எழுதிவிட்டேன். இதற்குமேல் எழுதுவது எல்லாம் இதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை போலிருக்கிறது.

முப்பத்திரண்டு வருஷமாக ரயில் ஆபீசில் டைம்டேபிள் செக்ஷனில் குப்பை கொட்டிவருகிறவன் நான். என் தொழிலே நிமிஷம். எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிஷம் நிற்கும், எது எதற்கு வழிவிடும் என்று ப்ரூஃப் பார்த்துப் பார்த்துக் கண் போனவன். இந்த ஊரிலோ டைமுக்குப் பஞ்சமே கிடையாது. ரயிலுக்கு ஒரு டைம், அதற்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால் பம்பாய்க்காரர்கள் விடாப்பிடியாக வைத்துக்கொண்டிருந்த பம்பாய் டைம். அது போதாதென்று யுத்தம் வந்ததும் சர்க்கார் ஒரு மணி நேரத்தைத் தூக்கி முன்னால் வைத்தது. நம் வீட்டில் எப்போதும் ரயில் டைம்தான். நான் வைத்த சட்டம். அந்தப் புது டைம் வந்த அன்று ஸ்டூலைப் போட்டு ஏறி, கூடத்துச் சுவர்க் கடியாரத்தைத் திருப்பப்போனேன். உன் அம்மா கீழே நின்றுகொண்டு, "அதைத் தொடாதேங்கோ. உங்க பாக்கெட் கடியாரத்தை எப்படி வேணா திருப்பிக்கோங்கோ. காக்கா கத்தினாத்தான் நேக்கு விடியறது, சர்க்கார் கத்தினா இல்லே" என்றாள். நான் கத்தினேன். அவள் ஸ்டூலை விட்டு நகரவில்லை. அந்த வீட்டில் என் கத்தலுக்கு அவள் மசியாமல் நின்ற இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று. அதனால்தான் பழைய டைம். நான் பார்த்தது அந்தச் சுவர்க் கடியாரத்தை.

நீ காசியில் எம்.எஸ்ஸி. சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ எழுந்துபோய் அந்தக் கடியாரத்தின் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாய். "அப்பா, இப்போ டைம் நின்னுடுத்தா?" என்று கேட்டாய். "கடியாரம் நின்னா டைம் எப்படிடா நிக்கும், கையை எடு" என்றேன். "சரி, இது மட்டும் இல்லே. ரயில், குழாய்த் தண்ணி, சூரியன், நம்ம மூச்சு, எல்லாம் ஒண்ணா நின்னு, அப்புறம் ஒண்ணா கிளம்பறதுன்னு வெச்சுக்கோங்கோ. நடுவுல எத்தனை நாழி ஆச்சுன்னு யார் சொல்லுவா? ஒண்ணுமே மாறலே, பார்க்க ஆள் இல்லே, அளக்கக் கடியாரம் இல்லே. அப்போ டைம்னு ஒண்ணு இருந்துதுன்னு எதை வெச்சுச் சொல்லுவேள்?" என்றாய். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வண்டி ரத்தானாலும் டேபிள்ல மூணு இருபது மூணு இருபதுதான். வண்டி வந்தா என்ன, வராட்டா என்ன, ப்ளாட்ஃபாரத்துல ஆள் நின்னா என்ன, நிக்காட்டா என்ன! டைம் அதுபாட்டுக்கு இருக்கும்டா" என்றேன். மூன்று இருபது என்றுதான் சொன்னேன். வாய்க்கு வந்த நம்பர். உன் அம்மா ரசத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், "எல்லாம் நின்னாத் தேவலை. ஒரு வாய் காப்பியை ஆறாமக் குடிச்சுப்பேன்" என்றாள். நீ துள்ளிக் குதித்தாய். "பார்த்தேளா, அம்மாவுக்குப் புரிஞ்சுடுத்து. காப்பி ஆறலேன்னா டைமே போகலே!" என்றாய். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. காப்பியை ஆறாமல் குடிக்க அவளுக்கு ஏன் முடிவதில்லை என்று ஒரு தடவையாவது கேட்டேனா என்றால், அதுவும் இல்லை.

அவளுக்கு ஜுரம் வந்தபோது நீ கடைசிப் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தாய். டைஃபாய்டு. டாக்டர் கார்க் போட்ட பாட்டிலில் மிக்ஸ்சர் கொடுத்தார். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தை வெட்டி வெட்டி ஒட்டிய காகிதப் பட்டை அந்தப் பாட்டிலின் மேல் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து, அப்போதே ஜுரமும் பார்த்து எழுதவேண்டும் என்றார். என்னிடம் சொன்னால் கேட்கவேண்டுமா! ஆபீசிலிருந்து ஒரு பெரிய தாள் கொண்டுவந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம், மருந்து கொடுத்ததும் ஒரு டிக், பக்கத்தில் ஜுரம். மணியெல்லாம் சுவர்க் கடியாரப்படி, அவள் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்பதற்காக. தாளை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, நூலில் பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒழுங்கா யாரும் வெச்சுண்டு நான் பார்த்ததில்லே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அம்மாவின் ஜுரம் அன்றைக்கு நூற்று மூன்றுக்கு மேல்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது நாளோ பதினொன்றாவது நாளோ, நான் ஆபீசுக்குப் போயிருந்த சமயம், பக்கத்து ப்ளாக் செல்லம் மாமிதான் மருந்து கொடுக்கவேண்டியவள். அவள் கொடுத்தாள், டிக் போட மறந்துவிட்டாள். நான் வந்து பார்த்தேன், கட்டம் காலி. உன் அம்மாமேல் பாய்ந்தேன். "நீ பக்கத்துலேயேதானே படுத்துண்டிருக்கே? ஒரு டிக் போட்டா கையா தேஞ்சுபோயிடும்? கட்டம் காலியா இருந்தா டாக்டருக்கு நான் என்னத்தைச் சொல்றது?" என்று கத்தினேன். நூற்று மூன்று ஜுரத்தில் கிடப்பவளிடம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இனிமே பார்த்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதைச் செய்யாமல் விடுகிறவள் இல்லை உன் அம்மா, உனக்கே தெரியும்.

பதினெட்டாவது நாள் டாக்டர் முகம் சரியில்லை. உனக்குத் தந்தி கொடுத்தேன். பரீட்சையில் பிராக்டிகல் ஒன்று பாக்கி இருந்தது, அதை முடித்துக்கொண்டு அடுத்த நாள் வண்டி ஏறினாய். அதில் ஒரு தப்பும் இல்லை. தந்தியில் 'சீரியஸ்' என்று போடாமல் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் போட்டது நான். பயந்தாங்கொள்ளி மாதிரி அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டேன்.

இருபதாவது நாள். லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஜுரம் ஏறிக்கொண்டே போயிற்று. நெற்றிக்கும் தலைக்கும் ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டில் இருந்த ஐஸ் தீர்ந்துவிட்டது. மணி ஒன்று. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். உன் அம்மா கண்ணைத் திறந்து, "ஐஸ் வேண்டாம். நீங்க இருங்கோ" என்றாள். "பத்து நிமிஷம்" என்றேன். அவள் மறுபடியும், "நீங்க இருங்கோளேன்" என்றாள். ரகு, உன் அம்மா என்னிடம் பேசிய கடைசி வார்த்தை இதுதான். இதைத் தவிர வேறே எதுவும் அவள் சொல்லவில்லை. இதை நீ இரண்டு தடவை படித்துக்கொள். ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

செல்லம் மாமியை உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவளுக்கு ரேஷன் க்யூவுக்குப் போகவேண்டும். "அரை மணியிலே வந்துடுங்கோ மாமா, இல்லேன்னா இந்த வாரத்து அரிசி கோவிந்தாதான்" என்று சொல்லித்தான் உட்கார்ந்தாள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய் ஐஸ்காரனிடம் ஒரு பெரிய கட்டி வாங்கினேன். உமியைத் தூவிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தான். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. திரும்பி வரும் வழியில் என் சீட்டுக்கூட்டாளி கிட்டு தங்கியிருந்த மெஸ். பாலக்காட்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருந்த இடம், உனக்குத் தெரியும். மாடியிலிருந்து கிட்டு, "ஓய்! ஒரு கை குறையறது, வாங்கோ! ஒரே ஒரு ஆட்டம்!" என்று கூப்பிட்டான். சீட்டில் இருபத்தெட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பணம் வைக்காத ஆட்டம். நான் மாடி ஏறினேன்.

ஏன் ஏறினாய் என்று கேட்பாய். இரண்டு வருஷமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபது நாளாக அந்த அறையில் மருந்து நெடியும், அவள் மூச்சு விடுகிற சத்தமும். அந்தச் சத்தத்தை என்னால் தாங்கமுடியவில்லை. இங்கே நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் நானும் மனுஷனாக இருந்துவிட்டு வருகிறேனே என்று தோன்றியது. இவ்வளவுதான் காரணம். ஐஸ் மூட்டையை மேஜைக்கு அடியில் என் காலடியில் வைத்தேன். சீட்டு கையில் வந்ததும் நன்றாக வந்தது, பாழாய்ப்போன சீட்டு. ஒரு ஆட்டம் மூன்றாயிற்று. ஜெயித்துக்கொண்டிருந்தேன் ரகு. வாய்விட்டுச் சிரித்தேன். பையில் கடியாரம் இருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தால் எழுந்திருக்கவேண்டி வருமே! டைம் அதுபாட்டுக்கு இருக்கும் என்று உன்னிடம் சவடால் அடித்தவன், பார்க்காமல் இருந்தால் அது போகாது என்று நம்பினேன் அன்றைக்கு. உன் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று சொல்லு. கடைசியில் பாதத்தில் ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். சாக்கைப் பிரித்தேன். அந்தப் பெரிய கட்டி தேங்காய்மூடி அளவுக்கு வந்திருந்தது.

இதற்கப்புறம் செய்ததைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அந்தத் தேங்காய்மூடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கவேண்டும். நாலு கட்டிடம் தள்ளித்தான் வீடு. நான் என்ன செய்தேன்? இத்தனூண்டு ஐஸைக் கொண்டுபோய் வைத்தால் எங்கேயோ உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று தெரிந்துவிடுமே என்று, திரும்பவும் ஐஸ்காரனிடம் போனேன். அவனிடம் இருந்தது தீர்ந்துவிட்டது, "தோடா டைரோ", கொஞ்சம் இரு, என்றான். வண்டி வரும்வரை நின்றேன். புதுக்கட்டி வாங்கிக்கொண்டு, அவசர அவசரமாக வந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டே மாடி ஏறினேன். அந்த மூச்சு வாங்கலில்கூடப் பாதி வேஷம்.

வீட்டில் மாமி இல்லை. அரை மணிக்குமேல் இருந்து பார்த்துவிட்டு, 'இதோ வந்துகொண்டிருப்பார்' என்று நம்பி க்யூவுக்குப் போய்விட்டாளாம். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த மூச்சுச் சத்தம் இல்லை. அப்பாடா, தூங்குகிறாள் என்று நினைத்தேன். நெற்றியில் கை வைத்தேன். சூடு இல்லை. இருபது நாளாகக் கொதித்துக்கொண்டிருந்த நெற்றி, சாதாரண மனுஷ நெற்றி மாதிரி இருந்தது. ஜுரம் விட்டுவிட்டது என்று நினைத்தேன் ரகு. சந்தோஷப்பட்டேன். "அடியே, விட்டுடுத்துடி!" என்று சொல்லிக்கொண்டே தாளில் எழுதிவைக்கப் பென்சிலை எடுத்தேன். எழுத நேரம் வேண்டுமே, அதற்காக நிமிர்ந்து சுவர்க் கடியாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது.

மூன்று இருபது என்பது இதுதான். உன் அம்மாவுக்கு ஜுரம் விட்டது என்று எழுதுவதற்காக ஒரு முட்டாள் கடியாரத்தைப் பார்த்த நேரம். இரண்டு வருஷமாக அதற்குத்தான் நீ எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்கிறாய்.

இரண்டு நாள் கழித்து நீ வந்தாய். டிரங்குப் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வாசற்படியில் நின்றுகொண்டு, "அம்மா ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாய். கூடம் நிறைய ஜனம். செல்லம் மாமி இருந்தாள், கிட்டுவும் ஒரு ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் வாயிலிருந்து தானாக வந்தது. "உன்னைத்தான் கேட்டா. ரகு வந்துட்டானா, ரகு வந்துட்டானான்னு ரெண்டு தடவை. என் மடியிலதான் தலை. கங்கா ஜலம் விட்டேன். முழுங்கினா. மூணு இருபது" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. அழுகைகூட வந்தது. அது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன் என்று நாலு பேருக்கு நம்பிக்கை வருவதற்காகச் சொன்னேன். உன் பெயரைப் போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதற்காக உன் பெயரைப் போட்டேன்.

அந்த வார்த்தை உன்னை என்ன செய்தது என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பரீட்சையில் முதலாவதாகத் தேறினாய், ரிசல்ட் வந்த பேப்பரைத் தொடவில்லை. ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டுக் காசியிலிருந்து ப்ரொபசரே எழுதினார், பதில்கூடப் போடவில்லை. "அந்தப் பிராக்டிகலுக்காகத்தானேப்பா அவளைக் காக்கவெச்சேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "விடுடா, விதி" என்றேன். நீ புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, கிடைத்த சர்க்கார் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டு டில்லிக்குப் போனாய். என் பொய் ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளை தன் படிப்பையே விட்டுவிட்டுப் போகிறான், பெற்றவன் வி.டி. ஸ்டேஷனில் நின்று கையை ஆட்டுகிறான். வண்டி சரியான டைமுக்குக் கிளம்பிற்று என்று வேறே திருப்தி எனக்கு.

அவள் உன்னைக் கேட்கவில்லை ரகு. உனக்காகக் காத்துக்கொண்டு கண்ணை மூடவில்லை. நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியும், பிள்ளைக்குப் பரீட்சை என்பதும் தெரியும். நீ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாய், உன்னால் ஆனதைச் செய்தாய். நாலு கட்டிடத்துக்கு அப்பால் இருந்தவன் நான். அவள் இருக்கச் சொன்னது என்னை.

போன வெள்ளிக்கிழமை நம் மாட்டுங்கா வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அந்தத் தசமியைக் குறித்துக்கொடுத்தவர் அவர்தானே, அவரிடமே சொல்லவேண்டும் என்று போனேன். நீ எழுதிய நவமி தசமிச் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் உற்சாகமாகப் பஞ்சாங்கத்தை எடுத்தார். "பழைய டைம்தானேங்காணும்? சுத்த தசமி. டில்லிக்காரனுக்கு என்ன தெரியும்!" என்றார். நான், "நேரம் தெரியாது" என்றேன். "தெரியாதாவது, நீர்தானே பக்கத்துல இருந்தீர்?" என்றார். "இல்லை" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றிலிருந்து மூன்று இருபது வரை, நவமியும் இருக்கிறது தசமியும் இருக்கிறது, நடுவில் எது என்று சொல்ல ஆள் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "திதி தெரியலேன்னா அந்த மாசத்து அமாவாசையிலே செய்யலாம்னு இருக்கு. ஆனா அது காணாமப்போனவாளுக்கு, தேசாந்திரம் போய் எங்கேயோ அனாதையாச் செத்தவாளுக்குச் சொன்னது ஓய்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். புருஷனும் வீடும் இருந்தவளுக்கு, மாட்டுங்காவில் கட்டிலில் படுத்திருந்தவளுக்கு, அந்த விதி. அதற்குக் காரணம் நான். டில்லி வாத்தியாரிடம் நீ 'தெரியாது' என்று சொல்லவேண்டிவரும். ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லு. மறைக்காதே.

நீ அன்றைக்குக் கேட்ட கேள்வியை இந்த இரண்டு வருஷத்தில் நான் எத்தனையோ தடவை மென்றிருக்கிறேன். அளக்க ஒன்றும் இல்லாமல், பார்க்க ஆளில்லாமல் போன நேரம் என்று ஒன்று உண்டா? உன் கட்சி சரியானால், அவள் போன நிமிஷம் என்று ஒன்றே கிடையாது. ஒரு மணிக்கு இருந்தாள், மூன்று இருபதுக்கு இல்லை, நடுவில் வெறும் காலி. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, எனக்குச் சௌகரியம் என்றுகூட நினைத்திருக்கிறேன். ஆனால் முடியவில்லை. அது இருந்தது. நான் பார்க்காவிட்டாலும் அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது. ஒருவேளை கதவுப்பக்கம் பார்த்திருப்பாள், அப்புறம்தான் சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பாள். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதா, ஐஸ் வண்டிக்கு நின்றபோதா என்பது எனக்குத் தெரியாதே தவிர, அது இரண்டில் ஒன்றில்தான் நடந்தது. யாரும் குறித்துக்கொள்ளவில்லை என்பதற்காக அது நடக்காமல் போகாது. டைம்டேபிள்காரனாக நான் சொன்னதே கடைசியில் சரியாகப் போயிற்று, சரியாகப் போனதில் எனக்கு மானம்தான் போகிறது.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கல்யாணமாகி ஆறு மாசம் ஆன பிள்ளை, சொல்லாமல் இருக்கமுடியவில்லை. என் கோபம் உனக்கும் உண்டு. காப்பி தாமதமானால் ஜயாவிடம் கடியாரத்தைக் காட்டிப் பேசாதே. அவள் என்றைக்காவது 'இருங்கோ' என்று சொன்னால், ஆபீஸ் எரிந்தாலும் இரு. பரண்மேல் போட்ட உன் புஸ்தகக் கட்டை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறேன். வேண்டுமென்று ஒரு வார்த்தை எழுதினால் பார்சலில் அனுப்புகிறேன். ப்ரொபசருக்கு இப்போதுகூட எழுதிப்பார்க்கலாம்.

இந்தக் கவரில் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். நான் கோடு போட்ட அதே தாள். இருபதாம் நாள் வரிசையில், இரண்டு மணிக் கட்டத்தைப் பார். டிக் இருக்கிறது. அதை நான் போடவில்லை, செல்லம் மாமியும் போடவில்லை, கேட்டுவிட்டேன். என் டிக் எல்லாம் ஒரே மாதிரி நறுக்கென்று இருக்கும். இது கோணிக்கொண்டு, பக்கத்துக் கட்டம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அன்றைக்கு மூன்று இருபதை எழுதத் தாள் பக்கம் திரும்பியபோது நான் முதலில் பார்த்தது இதைத்தான். மருந்து பாட்டிலையும் எடுத்துப் பார்த்தேன். பட்டையில் ஒரு வெட்டுக்கூட இறங்கவில்லை, காலை பத்து மணி வேளைக்கப்புறம் இருந்த அதே அளவு. எட்டி எடுத்து ஊற்றிக் குடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. பென்சில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அது கைக்கு எட்டியிருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் நான் வந்து கத்துவேன் என்று போட்டிருக்கிறாள். இரண்டு மணிக்குத்தான் போட்டாளா, மாமி எழுந்துபோனதுமே போட்டுவைத்துவிட்டாளா, அதுவும் தெரியாது. எனக்குப் பயந்து போட்டாள் என்பது மட்டும் தெரியும்.

இது உன்னிடம்தான் இருக்கவேண்டும். என்னிடம் இருந்தால் என்றைக்காவது கிழித்துப்போட்டுவிடுவேன், அந்தக் கார்டைக் கிழித்தமாதிரி.

அமாவாசைக்கு நீ இங்கே வந்து செய்தாலும் சரி, அங்கேயே செய்தாலும் சரி, என் முகத்திலேயே விழிக்காமல் இருந்தாலும் சரி. சீட்டுக்கச்சேரிப் பக்கம் இப்போது போவதில்லை, ஆபீஸ் விட்டால் நேரே வீடுதான். சுவர்க் கடியாரத்தை இன்னும் நான் தொடவில்லை. வருவதானால் வண்டியைக் குறிப்பிட்டு எழுதவேண்டாம், தந்தியும் வேண்டாம். நீ எப்போது வந்து கதவைத் தட்டினாலும் நான் வீட்டில் இருப்பேன். வராவிட்டாலும் இருப்பேன்.

அப்பா